வெயிலா, நிழலா? வீட்டில் அனோடைஸ் செய்த அலுமினியத்துக்கு எந்தச் சாயம்

லேத்தில் கடைந்தெடுத்த ஆம்ப்ளிஃபயர் குமிழ், சைக்கிள் சீட் கிளாம்ப், தூண்டில் ரீல், வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை என்று ஏதாவது ஓர் அலுமினியச் சாமானை வீட்டிலேயே அனோடைஸ் செய்து (அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் வளர்த்து) நிறம் ஏற்ற நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்தச் சாயம் நல்லா பிடிக்கும்?" என்றுதான். பிடிப்பது பெரிய காரியமே இல்லை. ஒழுங்காக அனோடைஸ் ஆன அலுமினியம் கேசரிப் பவுடரைக்கூடப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நிறம் சித்திரை வெயிலைத் தாண்டி நிற்குமா என்பதில்தான் ஒரு சாயத்துக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே என்ன நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தச் சாமான் எங்கே இருக்கப் போகிறது என்று யோசித்துவிடுங்கள். வீட்டுக்குள் என்றால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். வெயிலில் என்றால் நான் இரண்டே இரண்டு வழிகளைத்தான் சொல்வேன்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் ஒரு வசதியும் உண்டு. அனோடைசிங்குக்கென்றே தயாரிக்கும் சாயத்தைச் சில்லறையாக விற்கும் கடை பக்கத்தில் கிடையாது என்பது சங்கடம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் திருபுவனம் இருக்கிறது என்பது வசதி. அது எப்படி வசதியாகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

துளைக்குள் போகும் சாயம், போகாத சாயம்

நீர்த்த கந்தக அமிலத்துக்குள் அலுமினியத்தை நேர்மின் முனையில் கட்டி டிசி மின்சாரம் கொடுத்தால், மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலமாக வளர்கிறது. அந்தப் படலம் முழுக்க நுண்துளைகள். ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் அகலம். சாயம் துளைக்குள் இறங்கி அதன் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டால் ஆக்சைடு தண்ணீரை உள்வாங்கி உப்பி, துளையின் வாயை மூடிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கடைச்சரக்கைப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். தண்ணீரில் முழுதாகக் கரையும் சாயம்தான் உள்ளே போகும். பெயின்ட்டிலும் பிக்மென்ட் மையிலும் இருக்கும் துகள் துளையைவிடப் பல மடங்கு பெரியது. அது மேலேயே நின்று, துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம் தண்ணீரில் கரைவதே இல்லை. பேசிக் சாயம் என்று விற்கும் மெத்தில் வயலட், ரோடமின் போன்றவை கரையும். பொட்டலத்திலேயே கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றுக்கு நேர்மின்னூட்டம். லேசான அமிலத் தண்ணீரில் ஆக்சைடின் சுவருக்கும் நேர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நமக்கு வேண்டியது எதிர்மின்னூட்டம் கொண்ட சாயம். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயங்கள் அந்த வகை.

சாயத்தைக் குறை சொல்வதற்கு முன்னால்

நிறம் வெளிறிப்போனதாகச் சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு சாயத்தில் இல்லை, படலத்தில் இருக்கும். சதுர டெசிமீட்டருக்கு, அதாவது 10 செ.மீ. நீளம் 10 செ.மீ. அகலமுள்ள பரப்புக்கு, 1.3 ஆம்பியர் வீதம் அரை மணி நேரம் கொடுத்தால் ஏறக்குறைய 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படலம் கிடைக்கும். ஒரு மணி நேரம் கொடுத்தால் 23 மைக்ரானுக்குப் பக்கம் வரும். 30 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. உயரமும் உள்ள குமிழின் மொத்தப் பரப்பு 0.33 சதுர டெசிமீட்டர். அதற்கு 0.43 ஆம்பியர் போதும், சின்ன பவர் சப்ளையே தாங்கும். வெளிர் தங்க நிறத்துக்கு 5 மைக்ரான் போதும். சிவப்பு, நீலத்துக்கு 10 முதல் 12. கறுப்புக்கு 15-க்குக் கீழே இறங்க வேண்டாம்; 20 இருந்தால் நிம்மதி.

உலோகமும் முக்கியம். ஜன்னல் செக்‌ஷன் செய்யும் 6063 சாயம் ஏற்றுவதற்கு அருமையான கலவை. அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மேலே எதுவும் செய்யாத 'மில் ஃபினிஷ்' துண்டுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே அனோடைஸ் ஆன செக்‌ஷனில் துளைகள் மூடியிருக்கும். சாயம் ஒரு சொட்டு ஏறாது. காஸ்டிக் சோடாவில் போட்டு பழைய படலத்தைக் கரைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். செம்பு அதிகமுள்ள 2024 என்ற கலவை சரியாக வராது. சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்படங்கள், எல்எம் 6, ஏடிசி 12 மாதிரி, சாம்பல் பூத்த மாதிரிதான் வரும். பழைய பைக்கின் இன்ஜின் கவரைக் கொண்டுவந்து சிவப்பாக்கச் சொன்னால், கறுப்பு என்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் நம்மூர் வெப்பம். அமிலத் தொட்டி 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். மார்கழி விடியற்காலையில் அது தானாகவே அமையும். மே மாதத் தஞ்சாவூரில் அமையாது. தொட்டி சூடேறினால் படலம் வளர வளரவே அமிலம் அதைக் கரைக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். மூடிய பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துத் தொட்டிக்குள் இறக்கலாம். பெரிய தொட்டி என்றால், வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து மீன் மார்க்கெட்டுக்கு வரும் ஐஸ் பாரை உடைத்துப் போடலாம்.

அனோடைசிங் சாயம்

இதற்கென்றே தயாரிக்கும் சாயத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும். எவ்வளவு கரைக்க வேண்டும், என்ன பிஎச் (அமிலத்தன்மையின் அளவு), எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று தயாரிப்பாளரே தாள் கொடுப்பார். பொதுவாக நிறங்களுக்கு லிட்டருக்கு 2 முதல் 5 கிராம், கறுப்புக்கு 10 கிராம், பிஎச் 5.5 முதல் 6; சூடு 55 முதல் 60 டிகிரி; நேரம் 10 முதல் 15 நிமிடம். அதைவிட முக்கியமான தகவல் ஒன்றும் அந்தத் தாளில் இருக்கும்: ஒளி தாங்கும் திறன். ஜவுளித் தொழிலில் இருப்பதுபோல இதற்கு 1 முதல் 8 வரை அளவுகோல் உண்டு. 8 என்றால் வெளியில் வைக்கலாம். 5 என்றால் வீட்டுக்குள். அதற்கும் கீழே என்றால் மேசை டிராயருக்குள்.

பொட்டலம்தான் பிரச்சினை. தொழிற்சாலைகளுக்காகக் கட்டும் சரக்கு இது. 5 லிட்டர் கறுப்புத் தொட்டிக்கு நமக்கு வேண்டியது 50 கிராம்; சிவப்புத் தொட்டிக்கு 15 கிராம்கூடப் போதும். அதற்காக அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்குவது கொசுவை அடிக்க பீரங்கி வாங்கின கதைதான். ஆனாலும் கறுப்பு ஒன்றை மட்டும் இந்த வகையில்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஊரில் இதே ஆசையுள்ள நாலு பேர் இருந்தால் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஈரம் படாமல் இறுக மூடி வைத்தால் பொடி பல வருஷம் கெடாது.

கறுப்புக்கு ஏன் இந்தச் சலுகை? கறுப்பு என்று விற்கும் சாயம் பலவும் உண்மையில் ஒரே கறுப்பாக இருப்பதில்லை. அடர் நீலத்தோடு ஆரஞ்சோ மஞ்சளோ கலந்து கண்ணை ஏமாற்றும் கறுப்புகளே அதிகம். துளை எல்லா மூலக்கூறையும் ஒரே வேகத்தில் உள்ளே விடாது. நீலம் முந்திக்கொண்டால் சாமான் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். வெயிலிலும் இதே கதைதான்: மஞ்சள் பகுதி முதலில் அழிந்து, கறுப்பு ஊதாவாக மாறும். அனோடைசிங் கறுப்பில் நல்ல தரமானவை குரோமியம் சேர்ந்த உலோகக் கூட்டுச் சாயங்கள், அதாவது சாய மூலக்கூறோடு உலோக அணு பிணைந்தவை. ஒரே மூலக்கூறிலிருந்து கறுப்பு வருவதால் அது பிரிந்துபோக வழியில்லை. வெயிலில் வைக்க நான் ஒப்புக்கொள்ளும் இரண்டு வழிகளில் இது முதலாவது.

திருபுவனத்துப் பட்டுச் சாயம்

திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அலுமினியக்காரருக்கு வேண்டியது அந்தச் சேலைக்குப் பின்னால் இருக்கும் சாய வியாபாரம். பட்டு நூலுக்குப் போடுவது பெரும்பாலும் ஆசிட் சாயமும் உலோகக் கூட்டுச் சாயமும். மேலே சொன்ன எதிர்மின்னூட்டக் கணக்குப்படி இவை இரண்டுமே அனோடைஸ் படலத்துக்குப் பொருந்துபவை. சொல்லப் போனால், அனோடைசிங் சாயம் என்று தனியாக விற்பதில் கணிசமான பகுதி இதே குடும்பத்துச் சாயங்கள்தான். சுத்தமாக்கி, உப்பு நீக்கி, சோதித்துத் தாள் போட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவே. கும்பகோணம், திருபுவனம் சாயக் கடைகளில் சிறிய அளவிலும் வாங்கலாம். ஆகவே வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு, விலை, கிடைக்கும் எளிமை, நிறங்களின் எண்ணிக்கை மூன்றிலும் என் ஓட்டு இதற்கே.

கடையில் கேட்கும்போது நிறத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். மயில் கழுத்து, அரக்கு, ராமர் பச்சை என்று நிறப் பெயர் ஆயிரம் இருக்கும். அதில் பல, இரண்டு மூன்று சாயங்களைக் கலந்தவை. துளைக்குள் அந்தக் கலவை வேறு விகிதத்தில் போய்ச் சேரும். டப்பாவில் 'ஆசிட்' என்று தொடங்கி நிறமும் எண்ணும் வரும் சர்வதேசப் பெயரைப் பாருங்கள். ஆசிட் பிளாக் 1 நீலம் தட்டும் கறுப்பு. ஆசிட் பிளாக் 172, 194 இரண்டும் குரோமியக் கூட்டுச் சாயங்கள். தனி அனோடைசிங் கறுப்பு கிடைக்காதபோது இவற்றில் ஒன்றைத் தேடலாம். ஆசிட் ஆரஞ்சு 7 பார்க்க அட்டகாசமாக இருக்கும், வெயிலுக்கு உதவாது. ஒற்றைச் சாயமாக வாங்கி, நிறக் கலப்பை நீங்களே செய்துகொள்வது உத்தமம்.

பட்டுக்குச் சாயம் போடும் முறையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. பட்டறையில் சாயத் தொட்டியில் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட் சேர்ப்பது உண்டு. நூலில் சாயம் திட்டில்லாமல் பரவ அது உதவும். அலுமினியத்தில் அதே சல்பேட், சாயம் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அமிலத் தொட்டியிலிருந்து எடுத்த சாமானைப் பல முறை அலச வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். பட்டறையில் தண்ணீரைக் கொதிக்கும் பக்கம் வரை கொண்டுபோவார்கள். நமக்கு 60 டிகிரியோடு நிறுத்த வேண்டும். சூடு மிகவும் ஏறினால் சாயம் உள்ளே போவதற்குள் துளை மூட ஆரம்பித்துவிடும். பிஎச் சரிசெய்ய இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் போதும். சமையல் வினிகரும் ஆகும்.

ஒரு வார்த்தை: ஆசிட் சாயங்களில் சிவப்பும் இளஞ்சிவப்பும் வெயிலில் முதலில் போகும். வாசல் பெயர்ப் பலகைக்குச் சிவப்புதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், பவுடர் கோட்டிங் செய்துவிடுங்கள். சண்டை மிச்சம்.

பருத்திச் சாயம், கேசரிப் பவுடர், பிரிண்டர் மை

பருத்திக்குப் போடும் சாயத்தில் டைரக்ட், ரியாக்டிவ் என்று இரண்டு வகை நம் கைக்கு வரும். பழைய துணிக்கு நிறம் போட மளிகைக் கடையில் விற்கும் சின்னப் பொட்டலம் பெரும்பாலும் டைரக்ட் சாயமும் உப்பும். இவையும் எதிர்மின்னூட்டம் கொண்டவைதான், அலுமினியத்தில் ஏறும். கூடவே வரும் உப்புதான் எதிரி. அதிலுள்ள குளோரைடு, படலத்தை அங்கங்கே ஊசி குத்தின மாதிரி அரிக்கும். ரியாக்டிவ் சாயத்தில் சிலவற்றுக்கு நிலைப்படுத்த பாஸ்பேட் சேர்ப்பார்கள். அது துளை மூடுவதைத் தடுக்கும். பட்டுச் சாயம் பக்கத்திலேயே கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

கேசரிப் பவுடரின் மஞ்சளும் ஆரஞ்சும் டார்ட்ராசின், சன்செட் எல்லோ. வேதியியல்படி இவையும் ஆசிட் சாயங்களே. அதனால்தான் பளிச்சென்று பிடிக்கிறது. வெயில் தாங்காது; உப்பும் கலந்தே வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படலத்தில் துளை இருக்கிறது என்று காட்டவும், உங்கள் படலம் சாயம் ஏற்கிறதா என்று ஒரு சின்னத் துண்டில் அவசரமாகப் பார்க்கவும் சரி.

பிரிண்டர் மை கொஞ்சம் சுவாரசியமான சரக்கு. பாட்டிலில் வாங்கி ஊற்றும் மையில் 'டை' வகை, 'பிக்மென்ட்' வகை என்று இரண்டு உண்டு. டை வகைதான் துளைக்குள் போகும். பல பிரிண்டர்களில் கலர் பாட்டில்கள் டை வகையாகவும் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். மூன்று நிறங்களில் சியான் கொஞ்சம் கெட்டி. அதில் இருப்பது பெரும்பாலும் செம்பு தாலோசயனின் வகைச் சாயம். மெஜந்தாவும் மஞ்சளும் அதன் பக்கத்தில் நிற்காது. தொட்டி நிறைய வேண்டும் என்றால் இது கட்டுப்படியாகாது. ஒரே சாமானில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கரைந்து போகிற மாதிரி வேண்டும் என்றால், பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்க இதைவிட வசதியானது கிடையாது. சாமான் ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். காய்ந்த படலம் விரல் ரேகையைக்கூட நிரந்தரமாகப் பதித்துக்கொள்ளும்.

சாயவேர் பற்றி ஒரு கிளைக்கதை

செடிச் சாயத்தை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். நானும் முழு மனதோடு செய்யவில்லை. ஆனாலும் சோழமண்டலக் கரைக்காரர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. கடற்கரை மணலில் வளரும் இம்பூறலின் வேர்தான் சாயவேர். அந்தச் சிவப்புக்குக் காரணம் அலிசரின். கோடாலிக்கருப்பூர் சேலையும், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியும் இந்தச் செடிச் சாய மரபில் வந்தவை. துணியில் அலிசரின் தானாக நிற்காது. முதலில் படிகாரம் போட வேண்டும். படிகாரத்தில் வேலை செய்வது அலுமினியம். அலிசரின் அந்த அலுமினியத்தைக் கவ்விக்கொண்டு சிவப்பாகிறது. அனோடைஸ் படலமோ சுவர் முழுக்க அலுமினியம் ஆக்சைடு. படிகாரம் போடும் வேலையே மிச்சம்!

நாட்டு மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பது மஞ்சிட்டி. அதுவும் இதே இனத்துச் சிவப்புதான். வேரை இடித்து வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் சாமானை வெகுநேரம் வைத்திருந்தால் செங்கல் நிறம் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி வரும். இரண்டு குமிழ்களை ஜோடியாக வேண்டும் என்றால் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் போட்டால்தான் உண்டு. மற்றச் செடிச் சாயங்களைவிட இது வெயிலைத் தாங்கும். மஞ்சள் பொடி சில நாளிலேயே போய்விடும். அவுரி முயற்சியே வேண்டாம்; அது கரைய வேண்டும் என்றால் காரத் தொட்டி தேவை, காரம் படலத்தையே கரைத்துவிடும்.

வெயிலுக்கு இரண்டாவது வழி

ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட். பச்சைப் படிகமாக இருக்கும் இரும்பு உப்பு. லிட்டருக்கு 15 முதல் 25 கிராம் கரைத்து, 50 டிகிரிக்குப் பக்கத்தில், பிஎச் 5-க்குச் சற்று மேலே வைத்து, சில நிமிடம் முக்கினால் தங்க நிறம் வரும். சீக்கிரம் எடுத்தால் வெளிர் ஷாம்பெயின், விட்டுவைத்தால் பழம்பொன். துளைக்குள் தங்குவது கரிமச் சாயம் கிடையாது. உப்பு உடைந்து இரும்பு ஆக்சைடாக உள்ளே படிகிறது. துருவின் நிறம் வெயிலில் வெளுக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் திறந்த வாசலில் மாட்டும் பலகைக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

குறை என்னவென்றால், தங்கம் ஒன்றுதான் கிடைக்கும். அதைக் குறையாக நினைக்காதவர்கள் நாச்சியார்கோயில் பக்கம் நிறைய இருப்பார்கள். குத்துவிளக்குப் பட்டறைகளில் பஃபிங் செய்து கொடுப்பவரிடம் அலுமினியத்தையும் கண்ணாடி மாதிரி தேய்த்து வாங்கிக்கொண்டு, பிறகு அனோடைஸ் செய்து இந்தத் தொட்டியில் போட்டால், பித்தளையா என்று எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், எடை காட்டிக்கொடுக்கும். பஃபிங் மெழுகைச் சோப்புத் தண்ணீரில் மிச்சமில்லாமல் எடுத்துவிடுவது முக்கியம்.

வாங்கும்போது ஆக்சலேட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் என்று பெயரில் நெருங்கிய ஒன்று உண்டு. நீல நிறப் புகைப்படப் பிரதிகள் எடுப்பவர்கள் வாங்குவது. அது இந்த வேலைக்கு மாற்று ஆகாது. கரைசல் வெளிச்சத்தில் கெட்டுப்போகும், கறுப்பு டப்பாவில் மூடி வைக்க வேண்டும். ஆக்சலேட் விஷம், குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஜன்னல்களில் பார்க்கும் வெண்கலப் பழுப்பும் வெயில் தாங்குகிறதே, அது என்ன சாயம் என்று கேட்கலாம். அவற்றில் பல சாயமே கிடையாது. வெள்ளீய உப்புக் கரைசலில் ஏசி மின்சாரம் கொடுத்துத் துளையின் அடியில் உலோகத்தையே படிய வைப்பது அது. தொழிற்சாலை வேலை. வீட்டுக்கு வேண்டாம்.

மூடுவதில்தான் பாதி ஆயுள்

எந்தச் சாயமானாலும் துளையை மூடாவிட்டால் வியர்வையிலும் மழையிலும் கசிந்துகொண்டே இருக்கும். எளிய வழி, கொதிக்கும் தண்ணீர்: 97 டிகிரிக்கு மேல், ஒரு மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம். 15 மைக்ரான் என்றால் 30 முதல் 45 நிமிடம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, சாயம் சரியில்லை என்பது அநியாயம்.

சிக்கல் எங்கே என்றால், கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் மூடுவதற்கு முன்பே கொஞ்சம் சாயம் வெளியே வரும். தொழிற்சாலைகள் நிக்கல் அசிடேட் போட்டு இதைத் தடுக்கின்றன. நன்றாக வேலை செய்யும். ஆனால் நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை, தோல் ஒவ்வாமையும் தரும். வீட்டில் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடும் பொருள் அது இல்லை என்பது என் தீர்மானம். அதற்குப் பதில் நீராவி. இட்லிப் பானையில் தட்டின் மேல் சாமானை நிறுத்தி, அதே கணக்கு நேரம் ஆவியில் வைத்தால் சாயம் கசிய வழி குறைவு. மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் திட்டு விழுத்தும். மூடிக்கு அடியில் துணி கட்டிக்கொள்ளலாம். அந்தப் பானையில் மறுபடி இட்லி கிடையாது என்பதைச் சமையலறைப் பொறுப்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். குளோரைடு செய்யும் கெடுதலை மேலே சொன்னேன். அமிலத் தொட்டிக்கும் சாயத் தொட்டிக்கும் கடைசி அலசலுக்கும் ஆவிக்கும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர். நடுவில் அலசுவதற்கு ஆர்ஓ கேன் தண்ணீர் போதும். ஐப்பசி அடைமழையில் ஓட்டில் படாமல் வானத்திலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரும் நல்ல சரக்கு.

அமிலம் பற்றி இரண்டு வரி. பேட்டரி ஆசிட்டே போதும். 2013-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஆசிட் வாங்க அடையாள அட்டை கேட்பார்கள். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை, காற்றோட்டமான இடம். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

தொட்டியைக் காலி செய்யும்போது

கொல்லைப்பக்கம் வாய்க்கால் ஓடும் வீடுகள் நம் பக்கம் அதிகம். அங்கே ஊற்றிவிடும் ஆசை வரும். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலைப் பாழாக்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நினைவிருக்கும். நொய்யல் வந்து சேர்வது காவிரியில். அந்தத் தண்ணீரைக் கடைமடை வரை குடிப்பது நாம். ஒரு வாளிச் சாயம் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, சரி. ஆனால் குரோமியம் உள்ள கறுப்பும் நடவு வயலும் சேரவே கூடாதவை. அமிலத்தைச் சலவை சோடா போட்டு நுரை அடங்கும் வரை முறிக்கலாம். பழைய சாயத் தொட்டியை அகலமான தட்டில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வற்றவிட்டு, கசடை டப்பாவில் மூடி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுக்க வேண்டும். 2016 திடக்கழிவு விதிகளிலேயே அந்தப் பிரிவுக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது.

இந்தத் தொல்லையைக் குறைக்கும் வழி, தொட்டியைச் சிறிதாக வைப்பதும் அடிக்கடி கொட்டாமல் இருப்பதும்தான். சாயத் தொட்டி மாதக் கணக்கில் உழைக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் மேலே பூஞ்சை கட்டும். பாட்டிலில் ஊற்றி மூடி வைத்து, தேவைப்படும்போது காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிக்கொள்ளலாம்.

புதிதாக ஒரு சாயம் வாங்கினால், சாமானில் போடுவதற்கு முன் 6063 துண்டு ஒன்றில் போட்டு மூடி, பாதியை அலுமினியத் தாளால் சுற்றி மாடியில் போட்டு வையுங்கள். ஒரு கோடை கழிந்து தாளைப் பிரித்தால், விற்றவர் சொன்னதும் வாங்கியவர் நம்பியதும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

எண்ணிக்கை ஐம்பது, நூறு என்று போனாலோ எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றாலோ, வீட்டுத் தொட்டியை விட்டுவிட்டு அம்பத்தூரிலோ கோவையிலோ ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பது லாபம். சின்ன ஆர்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று கேட்பார்கள். வேறு ஆட்களின் சாமானோடு சேர்த்துப் போடச் சொன்னால் சிலர் ஒத்துக்கொள்வார்கள், நிறம் அவர்கள் அன்றைக்குப் போடும் நிறமாக இருக்கும். அனுப்பும்போது உலோகக் கலவையின் எண், எத்தனை மைக்ரான், வெயிலில் நிற்குமா என்ற மூன்றையும் தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். கறுப்பு என்று மட்டும் சொன்னால் கைவசம் இருக்கும் கறுப்புத் தொட்டியில்தான் போடுவார்கள்.